மூக்கின் மேல் இருப்பது அழுக்கு இல்லை

அக்கா மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். மூக்கில் ஒட்டி உரித்தெடுத்த வெள்ளைப் பட்டை. அதன் மேல் குத்திட்டு நிற்கும் குட்டிக் குட்டி மஞ்சள் முனைகள். கீழே ஒரு புலம்பல்: "சித்தி, எவ்ளோ அழுக்கு பாருங்க! தினம் ரெண்டு வேளை ஃபேஸ்வாஷ் போட்டும் இவ்ளோ இருக்கு."

பதில் எழுத ஆரம்பித்தால் நீண்டுகொண்டே போனது. சரி, விரிவாக இங்கேயே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். இதைக் கேட்பவள் அவள் மட்டுமில்லை. பிளஸ் டூ படிக்கும் பையனின் அம்மா கேட்கிறார், முகூர்த்தத் தேதி குறித்த பெண் கேட்கிறாள், நாற்பதைத் தாண்டிய என் தோழியும் கேட்கிறாள். நான் மருத்துவர் இல்லை. எதை வாங்கினாலும் டியூபின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்காமல் விடாத ஆள், அவ்வளவுதான்.

தலைப்பில் சொன்னதை மறுபடி சொல்கிறேன்: அது அழுக்கு இல்லை. மீதித் தொல்லையெல்லாம் இந்த ஒரு தப்பான எண்ணத்திலிருந்துதான் கிளம்புகிறது. அழுக்கு என்று நினைப்பதால்தான் தேய்க்கிறோம், சுரண்டுகிறோம், பிதுக்குகிறோம், உரிக்கிறோம். "மூஞ்சிய நல்லா தேய்ச்சுக் கழுவுடி" என்று பெரியவர்கள் திட்டும்போது, சுத்தமில்லாத பிள்ளை என்ற பழியும் சேர்ந்தே விழுகிறது. பாவம், அந்தப் பிள்ளைதான் வீட்டிலேயே அதிகமாக முகம் கழுவுகிறவளாக இருப்பாள்.

உள்ளே என்ன நடக்கிறது

முகத்தில் நாம் துளை என்று சொல்வது மயிர்க்காலின் வாய். உள்ளே மெல்லிய பூனைமுடி ஒன்றும், அதை ஒட்டி ஓர் எண்ணெய்ச் சுரப்பியும் இருக்கும். நெற்றி, மூக்குப் பகுதிகளில் இந்தச் சுரப்பிகள் மிக நெருக்கம். ஒரு சதுர சென்டிமீட்டருக்குள் 400 முதல் 900 வரை இருக்கும் என்பார்கள். பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் ஏறும்போது (பெண்களுக்கும் இவை உண்டு) சுரப்பிகள் பெருத்து, எண்ணெய் கூடுகிறது.

எண்ணெய் மட்டும் என்றால் வழிந்து வெளியே வந்துவிடும். ஆனால் துளையின் உட்சுவரும் தோல்தான். அதிலிருந்தும் செத்த செல்கள் உதிர்ந்துகொண்டே இருக்க வேண்டும். சிலருக்கு அவை சரியாக உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. எண்ணெயோடு சேர்ந்து இறுகி அடைப்பாகின்றன. கண்ணுக்கே தெரியாத அந்த ஆரம்ப நிலையை மைக்ரோகொமெடோன் என்கிறார்கள். துளையின் வாய் குறுகலாகவே இருந்தால் தோல் நிறத்தில் ஒரு சின்ன மேடு தெரியும், அது வொயிட்ஹெட். வாய் விரிந்து, அடைப்பின் தலை வெளியே தெரிந்தால் பிளாக்ஹெட்.

அப்படியானால் கறுப்பு எங்கிருந்து வந்தது? தோலுக்கு நிறம் தரும் மெலனினும், காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்த கொழுப்பும் சேர்ந்த நிறம் அது. வெட்டி வைத்த வாழைக்காய் காற்றுப்பட்டுக் கறுக்கிறதே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. தெருத் தூசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அடைப்பு துளைக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கிறது; சோப்பு மேல்தோலோடு நின்றுவிடுகிறது. எத்தனை முறை கழுவினாலும் போகாததன் காரணம் இதுதான்.

பட்டையில் வந்தது வேறு ஆள்

அக்கா மகள் அனுப்பிய படத்தில் இருந்தவற்றில் பெரும்பாலானவை பிளாக்ஹெட்ஸே இல்லை. செபேஷியஸ் ஃபிலமென்ட் என்று ஒன்று உண்டு, எண்ணெய் இழை என்று வைத்துக்கொள்வோம். சுரப்பியிலிருந்து எண்ணெய் வெளியே வரும் வழியில், துளையின் உட்புறத்தை ஒட்டி இயல்பாகவே இருக்கும் இழை அது. எல்லாருக்கும் உண்டு. எண்ணெய்ப் பசை கூடுதலாக உள்ளவர்களுக்குக் கண்ணில் படும், மற்றவர்களுக்குப் படாது.

பிரித்துப் பார்ப்பது சுலபம். மூக்கின் மேலும் மூக்கு ஓரங்களிலும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில், சாம்பல் அல்லது வெளிர்பழுப்பு நிறத்தில், தட்டையாக நிரம்பியிருந்தால் அவை எண்ணெய் இழைகள். அங்கொன்றும் இங்கொன்றுமாக, அடர்ந்த கறுப்பில், விரல் வைத்தால் லேசாகத் தட்டுப்படுகிற மாதிரி இருந்தால் பிளாக்ஹெட்ஸ். கண்ணைச் சுற்றி வெள்ளையாக, ரவை அளவில், கெட்டியாக இருப்பவை இரண்டிலும் சேராதவை. மிலியா எனப்படும் சிறு கட்டிகள். அவற்றை வீட்டில் கிள்ளவே கூடாது.

மூக்கில் ஒட்டும் பட்டைகளை 1990-களில் பிரபலமாக்கியது ஜப்பானின் காவோ நிறுவனம். அதன் பியோரே பட்டைகள் 1996-ல் ஜப்பானிலும், அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தன. ஈரமான மூக்கில் ஒட்டி, காய்ந்ததும் உரித்தால், மேலே தெரிகிற பகுதி பிய்ந்துகொண்டு வரும். உரித்ததும் கையில் ஆதாரம் கிடைத்துவிடுகிறது, அதில்தான் அந்தப் பட்டையின் கவர்ச்சியே இருக்கிறது. ஆனால் எண்ணெய் இழைகள் ஒரு மாதத்துக்குள் மறுபடி நிரம்பிவிடும். உண்மையான பிளாக்ஹெட்டோ, தலை போனாலும் அடி உள்ளேயே இருக்கும். எப்போதாவது ஒரு விசேஷத்துக்கு முன் ஒட்டினால் குடி முழுகிவிடாது. வாராவாரம் உரித்தால் மூக்கோரம் சிவந்து எரியும். முகத்துக்கு ரெட்டினாய்டு மருந்து பூசுகிறவர்கள் பக்கமே போகக் கூடாது, தோலும் சேர்ந்து உரியும்.

ஆவி, ஐஸ், எலுமிச்சை

"ஆவி பிடிச்சா துளை திறக்கும், ஐஸ் வெச்சா மூடிக்கும்." பார்லரிலும் யூடியூபிலும் அலுக்காமல் சொல்லப்படும் பாடம். துளையைச் சுற்றித் திறந்து மூடும் தசை எதுவும் கிடையாது. ஆவி பட்டால் மேல்தோல் ஊறி எண்ணெய் கொஞ்சம் இளகும். ஐஸ் வைத்தால் கொஞ்ச நேரம் தோல் இறுகின மாதிரி தெரியும். அவ்வளவே. துளையின் அளவைப் பரம்பரையும், சுரக்கும் எண்ணெயும், வயதும், வெயிலும் தீர்மானிக்கின்றன. அடைப்பு நீங்கினால் துளை சிறியதாகத் தெரியும். அதற்கு மேல் சுருக்கித் தருவதாகச் சொல்லும் கிரீமை நம்பிப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

அடுத்தது சமையலறை. எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரை போட்டுத் தேய்ப்பது ஒன்று. எலுமிச்சையின் பிஹெச் சுமார் 2, தோலின் மேற்பரப்பு 5-ஐ ஒட்டியது. சாறு எரிக்கும், சர்க்கரையின் கூர்முனை கீறும். எலுமிச்சை வகைப் பழங்களின் சாறு தோலில் இருக்கும்போதே வெயிலில் போனால் கொப்புளமும் கறுப்புத் திட்டும் வரக்கூடும். சமையல் சோடா இதற்கு எதிர்ப்பக்கம், பிஹெச் 8-க்கு மேல். தோலின் இயல்பான அமிலத்தன்மையைக் குலைத்து வறட்டிவிடும். பற்பசையை முகத்துக்குப் பூசுவதைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை, அது பல்லுக்கானது.

நலங்குமாவு, கடலைமாவு, முல்தானி மட்டி? இவற்றின் மேல் எனக்குப் பகை இல்லை. நைஸாக அரைத்து, சலித்து, குழைத்துப் பூசிக் கழுவினால் மேலே உள்ள எண்ணெய் போகும். சோப்பைவிட மென்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் துளைக்குள் இறங்கி அடைப்பை அவிழ்க்கும் சக்தி அவற்றுக்கு இல்லை. கொரகொரவென்று வைத்துக்கொண்டு பரபரவென்று தேய்த்தால் கீறல்தான் மிச்சம்.

நம் போன்ற மாநிறம், கறுப்பு நிறத் தோலுக்கு இது முக்கியமான விஷயம். சிறு கீறல், சிறு புண், சிறு எரிச்சல் எது வந்தாலும் நம் தோல் அந்த இடத்தில் மெலனினைக் கூடுதலாக இறக்கிவிடும். பிளாக்ஹெட் மருந்துக்கு அடங்கிவிடும். அதைப் பிதுக்கியதால் வந்த கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் கிடக்கும். நகத்தால் பிதுக்கும்போது அடைப்பு வெளியே வராமல் உள்ளே வெடித்தால், அது சீழ் வைத்த பருவாக மாறும். மூக்கையும் மேலுதட்டையும் சேர்ந்த பகுதியின் சிரைகளுக்கு மண்டைக்குள் இருக்கும் சிரைகளோடு தொடர்பு உண்டு. அரிதாக என்றாலும் தொற்று உள்ளே போய்விடும் அபாயம் அங்கே இருக்கிறது.

தலைக்கு வைக்கும் எண்ணெய்

நெற்றியிலும் பொட்டுப் பக்கத்திலும் பொரிப்பொரியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "தலைக்கு என்ன தேய்க்கிறீங்க?"

1970-ல் தோல் மருத்துவர்கள் ப்ளெவிக், ஃபுல்டன், க்ளிக்மன் மூவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். தலைமுடிக்குப் பசையான பொமேட் தடவும் கறுப்பின ஆண்களுக்கு நெற்றியிலும் பொட்டிலும் அடைப்புகள் வரிசையாக வருவதைக் கவனித்து, அதற்குப் 'பொமேட் பரு' என்று பெயர் வைத்தார்கள். நம் ஊரில் பொமேட் இல்லை, தேங்காய் எண்ணெய் இருக்கிறது. இரவு தலை நிறைய வைத்து, பின்னிப் படுத்தால், விடியும்போது அதில் பாதி நெற்றிக்கும் தலையணை உறைக்கும் வந்திருக்கும்.

எந்தப் பொருள் துளையை அடைக்கும் என்ற பட்டியல்கள் இணையத்தில் சுற்றுகின்றன. அவற்றில் தேங்காய் எண்ணெய்க்கு 5-க்கு 4 மதிப்பெண். அந்த மதிப்பெண்கள் பெரும்பாலும் முயல் காதின் உட்புறத்தில் பூசிப் பார்த்து வந்தவை. முயல் காது மனிதத் தோலைவிட எளிதில் அடைத்துக்கொள்ளும். ஆகவே பட்டியலை வேதவாக்காக எடுக்க வேண்டாம். கை கால் வறட்சிக்குத் தேங்காய் எண்ணெய் தாராளமாகப் பூசலாம். ஏற்கெனவே அடைத்துக்கொள்ளும் முகத்துக்கு மட்டும் வேண்டாம், அதை வைத்து மேக்கப் கலைக்கவும் வேண்டாம். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கத்தை விடச் சொல்லவில்லை. குளிப்பதற்குச் சற்று முன் தேய்த்து, அலசி, கடைசியில் முகத்தைக் கழுவிவிடுங்கள். தினம் வைத்தே தீர வேண்டும் என்றால் முன்நெற்றி வகிட்டில் கொட்டாமல் முடியின் நுனிப்பக்கம் தடவுங்கள். தலையணை உறையை வாரம் ஒரு முறையாவது மாற்றுங்கள்.

டப்பாவில் 'நான்-கொமெடோஜெனிக்' என்று போட்டிருந்தால் நல்லதுதான். ஆனால் அந்தச் சொல்லைப் போட எல்லாரும் ஒரே சோதனையில் தேறியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சன்ஸ்கிரீனோ மாய்ஸ்சரைசரோ, ஜெல் மாதிரி லேசாக இருக்கிறதா என்று பார்த்து, ஒரு சிறிய டியூப் வாங்கிப் போட்டுப் பார்ப்பதே மேல்.

உண்மையில் வேலை செய்பவை

இரண்டே இரண்டு பொருள்களைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். மற்றவை எல்லாம் உபரி.

முதலாவது சாலிசிலிக் அமிலம். எண்ணெயில் கரையும் தன்மை உள்ளதால் எண்ணெய் நிறைந்த துளைக்குள் இதனால் இறங்க முடிகிறது. ஒட்டிக்கொண்ட செத்த செல்களின் பிடியைத் தளர்த்துகிறது. கடையில் கிடைப்பவற்றில் 0.5 முதல் 2 சதவீதம் வரை இருக்கும். ஃபேஸ்வாஷாகப் போட்டால் அரை நிமிடத்தில் கழுவிவிடுகிறோம். பூசி அப்படியே விடும் சீரமோ திரவமோ ஆனால் அதற்கு வேலை செய்ய நேரம் கிடைக்கிறது. 2 சதவீதத்தில் ஒன்று எடுத்து, முதலில் வாரத்துக்கு இரண்டு இரவு, தோல் தாங்கினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

இரண்டாவது அடாபலீன். வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ரெட்டினாய்டு மருந்து. இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளையான ட்ரெட்டினாயினைப் பருவுக்குப் பயன்படுத்தும் வழியைக் காட்டியவர்களில் முன்னால் நிற்பவர் மேலே சொன்ன அதே க்ளிக்மன். (ஃபிலடெல்ஃபியா சிறையில் கைதிகள்மேல் அவர் நடத்திய சோதனைகள் பின்னாளில் பெரும் கண்டனத்துக்கு ஆளாயின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.) அடாபலீன் அதைவிட எரிச்சல் குறைந்தது. அமெரிக்காவில் 1996-ல் மருத்துவர் சீட்டுக்குரிய மருந்தாக வந்து, 2016-ல் 0.1 சதவீத ஜெல்லை 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் சீட்டில்லாமல் வாங்க அனுமதி கிடைத்தது. நம் ஊரில் தோல் மருத்துவர் ஒருவர் பார்த்து எழுதித் தந்து தொடங்குவதே நல்லது.

துளையின் உட்சுவரில் செல்கள் ஒட்டிக்கொள்ளும் பழக்கத்தையே இது மாற்றுகிறது. கண்ணுக்குத் தெரியாத மைக்ரோகொமெடோன் நிலையிலேயே தடுப்பதால்தான் தோல் மருத்துவர்கள் இதை முதலில் எழுதுகிறார்கள். அதனால்தான் ஒரு பிளாக்ஹெட் மேல் மட்டும் புள்ளி வைப்பதில் பலன் இல்லை. அடைக்கும் பகுதி முழுவதும் பூச வேண்டும். முகம் முழுக்கச் சேர்த்து ஒரு பட்டாணி அளவு போதும். இரவில் முகம் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகு பூச வேண்டும். ஈரத்தில் பூசினால் எரிச்சல் கூடும். முதல் சில வாரங்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள். காய்ந்து செதில் உதிர்ந்தால், முதலில் மாய்ஸ்சரைசர் பூசி அதன் மேல் ஜெல் பூசலாம். கண், உதடு, மூக்கு மடிப்பு ஓரங்களை விட்டுவிடுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் பயன்படுத்தக் கூடாது.

முதல் மாதத்தில் முன்பைவிட மோசமாகத் தெரியலாம். உள்ளே கிடந்தவை மேலே வரும் காலம் அது. பலரும் "எனக்கு ஒத்துக்கல" என்று டியூபைத் தூக்கிப் போடுவது சரியாக இந்தக் கட்டத்தில்தான். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். கல்யாணத்துக்கு இருபது நாள் முன்னால் இதை ஆரம்பிக்காதீர்கள்; மேடையில் செதில் உதிரும் முகத்தோடு நிற்க வேண்டி வரும். மூன்று நான்கு மாதம் முன்பே தொடங்குங்கள்.

இரண்டையும் ஒரே நாளில் ஆரம்பிக்கவும் வேண்டாம். ஒன்றைத் தொடங்கி, தோல் பழகியபின் தேவைப்பட்டால் மற்றது. சிவந்த பருக்களும் சேர்ந்து இருந்தால் மருத்துவர் பென்சாயில் பெராக்சைடு சேர்ப்பார், 2.5 சதவீதமே பெரும்பாலும் போதும். அது படும் துண்டும் தலையணை உறையும் வெளுத்துப் போகும், பட்டுப் புடவைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

மற்றபடி காலையும் இரவும் மென்மையான ஃபேஸ்வாஷ், வியர்த்து வந்தால் இன்னொரு முறை. லேசான மாய்ஸ்சரைசர், எண்ணெய் முகத்துக்கும் இது வேண்டும். பகலில் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன். ரெட்டினாய்டு பூசும் தோல் வெயிலுக்குச் சீக்கிரம் வாடும். நியாசினமைடு பிடித்திருந்தால் போடுங்கள், எண்ணெயை ஓரளவு குறைக்கும். பத்து அடுக்குச் சீரம் வரிசையெல்லாம் தேவையில்லை.

மெடிக்கலில் தரும் வெள்ளை டியூப்

இதைச் சொல்லாமல் இந்தப் பதிவை முடிக்க மாட்டேன். "முகத்துல புள்ளி இருக்குங்க" என்று மருந்துக் கடையில் கேட்டால் எடுத்துத் தரும் கிரீம்களில் ஸ்டீராய்டு கலந்தவை உண்டு. டியூபைத் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்ற பெயர்களில் எது இருந்தாலும் மருத்துவர் சொல்லாமல் முகத்துக்கு வேண்டாம். ட்ரெட்டினாயின், ஹைட்ரோகுவினோன், மொமெட்டசோன் மூன்றும் கலந்த டியூபைச் சிவப்பழகு கிரீம் என்று நினைத்து வருடக்கணக்கில் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் வாரம் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, வெயில் பட்டால் எரிந்து, முடி வளர்ந்து, பருவும் அடைப்பும் புதிதாகக் கிளம்பும். நிறுத்தினால் இன்னும் சீறும். அதனால் மறுபடி பூசுவார்கள். இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் இதற்கென்றே ஒரு பணிக்குழு வைத்திருக்கிறது. 2018-ல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டுக்குரிய பட்டியலுக்குள் கொண்டுவந்தது. ஏற்கெனவே பூசிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், டியூபையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். விடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது.

பார்லருக்கா, டாக்டரிடமா

பெரிய, பழைய பிளாக்ஹெட்ஸ் மருந்துக்கு மட்டும் அசையாது. கையால் எடுப்பதே வழி. அதற்குக் கொமெடோன் எக்ஸ்ட்ராக்டர் என்ற வளையம் வைத்த சின்னக் கருவி உண்டு. தோல் மருத்துவரிடம் சுத்திகரித்த கருவியால் எடுத்துக்கொள்ளலாம். சில வாரம் ரெட்டினாய்டு பூசியபின் போனால் அடைப்பு தளர்ந்து சுலபமாக வரும். பார்லரில் ஒருவருக்குப் பயன்படுத்திய கருவியை அடுத்தவருக்கு எப்படிச் சுத்தம் செய்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்கவே கூச்சமாக இருந்தால் அந்த வேலையை அங்கே செய்துகொள்ள வேண்டாம்.

வேறு சில சமயங்களிலும் நேரே டாக்டரிடம் போக வேண்டும். மாதவிடாய் தப்பித் தப்பி வந்து, தாடையில் பருவும் முகத்தில் முடியும் சேர்ந்து வந்தால் பிசிஓஎஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வயதான அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ கண்ணைச் சுற்றியும் கன்னமேட்டிலும் பெரிய பெரிய கறுப்பு அடைப்புகள் இருந்தால், அது இளவயது விவகாரம் இல்லை. பல வருட வெயிலும் சிகரெட்டும் சேர்ந்து வரவழைக்கும் ஃபாவ்ர்–ராக்குஷோ என்ற நிலை அது. அதற்கும் ரெட்டினாய்டும் எடுத்துவிடுதலும் பலன் தரும்.

எல்லாம் செய்து முகம் தெளிந்த பிறகு பலரும் செய்வது, மருந்தை அடியோடு நிறுத்துவது. எண்ணெய்ச் சுரப்பிக்கு ஓய்வு வயது வர இன்னும் பல வருடம் இருக்கிறது; நிறுத்தினால் சில மாதத்தில் அடைப்பு திரும்பிவரும். குணமானது என்று முடித்துவைக்கும் நோய் இல்லை இது, அடக்கி வைத்திருக்க வேண்டிய இயல்பு. டாக்டரைக் கேட்டு வாரத்துக்கு இரண்டு மூன்று இரவு என்று குறைத்துத் தொடருங்கள். மூக்கில் ஒரு புள்ளிகூட இல்லாத நாள் வரும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். போனைக் கிட்டே வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் யார் மூக்கிலும் துளை தெரியும். எதிரே உட்கார்ந்து பேசுகிறவருக்குத் தெரியாவிட்டால் உங்கள் வைத்தியம் பலித்துவிட்டது என்று அர்த்தம்.